எதை விதைப்பது, எதை விடுவது: வன்னியில் தனிவாழ்வும் தலைமையும் திசை தெளிவது பற்றி ஓர் ஆய்வு

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் குருமன்காட்டையும் வேப்பங்குளத்தையும் தாண்டினால் நெளுக்குளம். அதே வீதியில் இன்னும் மேற்கே பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கும் அப்பால் செட்டிகுளப் பக்கம் 2009இல் போரால் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாம் இருந்தது. குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்களும், இடம்பெயர்ந்து வந்து இங்கேயே வேரூன்றியவர்களும், அரச உத்தியோகத்தரும், பல்கலைக்கழகத்துக்காக வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவரும் இந்த வீதியோரத்தில் ஒன்றாக வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இனி எந்தப் பக்கம்?

அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளும் எழுகிறது, சங்கக் கூட்டத்திலும் எழுகிறது. உயர்தரத்தில் எந்தத் துறை எடுப்பது, ஊரில் நிற்பதா வெளிநாடு போவதா என்பது வீட்டுக் கேள்வி. கமக்கார அமைப்பு, மாதர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திக் குழு ஆகியவை இந்த வருடம் எதைச் செய்வது, எதைத் தள்ளி வைப்பது என்பது பொதுக் கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். ஆனால் வன்னியின் அனுபவத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் விடை ஒரே விதத்தில்தான் கிடைக்கிறது என்பது என் கருத்து. எதைக் கைவிடப் போகிறோம் என்பதை, அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் முன்னிலையில் சொல்லி, நாளும் குறிக்கும்போதுதான் திசை தெளிகிறது. அதற்கு முன்பு இருப்பது ஆசை மட்டுமே. இந்தக் கருத்தை நூல்களிலும், இங்கு வாழ்ந்த மனிதரிலும், இங்கு நடக்கும் கூட்டங்களிலும் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

நூல்கள் காட்டும் வரிசை

தமிழில் இந்தக் கேள்விக்கு மிக ஒழுங்கான விடை திருக்குறளின் பொருட்பாலில் கிடைக்கிறது. 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள். அதற்குப் பிறகே தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் வருகின்றன. முதலில் செய்யப்போவதை ஆராய்வது, பிறகு நம் வலிமை, காலம், இடம் ஆகிய மூன்றையும் அளப்பது, கடைசியில் தகுந்த ஆளைத் தெரிந்து வேலையை ஒப்படைப்பது என்ற வரிசை அதில் இருக்கிறது. மனவுறுதியைப் பேசும் வினைத்திட்பம் 67ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சுகள் உறுதியிலிருந்து தொடங்குகின்றன. வள்ளுவர் அளவெடுப்பதை முன்வைத்து உறுதியைப் பின்வைக்கிறார். இந்த வேறுபாடு சிறியதல்ல. அளக்காத உறுதி எவ்வளவு சேதம் செய்யும் என்பதை இந்த நாடு அண்மையில்தான் கண்டது. அதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

வெளியுலகில் நிர்வாகவியல் இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கூர்மையாக எடுத்துக்கொண்டது. பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனத்தின் தலைமை முதலில் தன்னிடம் கேட்க வேண்டியது தன் தொழில் என்ன என்பதைத்தான் என்று வாதிட்டார். கேட்க எளிதான கேள்வி, பெரும்பாலானோர் கேட்காமலே விடும் கேள்வி என்பது அவர் கண்ட உண்மை. குறிக்கோளை எழுதி வைத்து, அதை அடைந்தோமா என்று வேலை செய்பவரே பார்த்துக்கொள்ளும் முறையையும் அவர் வலியுறுத்தினார்.

தனிமனிதர் பக்கத்தில் வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கலைத் தவிர்க்க முடியாது. நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்ட அவர், 1946இல் வெளிவந்த நூலில், தனக்காக ஒரு வேலையோ ஒரு மனிதரோ காத்திருப்பதை அறிந்தவர் துன்பத்தைத் தாங்கும் வலிமை பெறுகிறார் என்று எழுதினார். வாழ்வின் நோக்கம் நம் மனதுக்குள் தோண்டி எடுக்கும் பொருள் என்று அவர் கருதவில்லை. நம் முன் வந்து நிற்கிற பொறுப்புக்கு நாம் கொடுக்கும் பதிலில் அது உருவாகிறது என்றார். முகாம் வாழ்வை அறிந்த வன்னி மக்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஒரே நினைப்பில் முட்கம்பிக்குள் நாட்களைக் கடத்திய தாய்மார் இங்கே பலர்.

இந்த மூன்று சிந்தனைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. திசை என்பது முதலில் வெளியே இருக்கிற ஒன்றுடன் நம்மைப் பிணைப்பது. வேலையுடன், காலத்துடன், மனிதருடன் பிணையாத குறிக்கோளை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது சுவரில் தொங்கும் பலகையாகவே இருக்கும்.

திசை இழப்பதற்கு வரலாறு உண்டு

இங்கே இளைஞரைப் பார்த்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது, இவர்களுக்கு ஓர் இலக்கு இல்லை என்பது. சங்கங்களைப் பார்த்து உத்தியோகத்தர் சொல்வது, எல்லாவற்றுக்கும் கைநீட்டிப் பழகிவிட்டார்கள் என்பது. இரண்டும் அவசரத் தீர்ப்புகள்.

1990களில் பூந்தோட்டம் முகாமில் வருடக்கணக்காக இருந்த குடும்பங்கள் வவுனியாவில் உண்டு. 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மாவட்ட முகாம்களுக்கு வந்தார்கள்; நெளுக்குளம் உட்பட மாவட்டத்தின் பாடசாலைகளும் கல்லூரிகளும் முகாம்களாயின. மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த ஆண்டுகளில் எப்போது சாப்பாடு, எப்போது பதிவு, எப்போது விடுவிப்பு என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். தன் நாளைத் தானே தீர்மானிக்க முடியாமல் வாழ்ந்தவரிடம், முகாம் வாசலைத் தாண்டிய மறுநாளே ஐந்தாண்டுத் திட்டம் கேட்பது நியாயமில்லை.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வடபகுதி மக்களின் உளநிலையைப் பல ஆண்டுகள் ஆய்ந்து, கூட்டு மனவடு என்ற கருத்தை 2007இல் வெளியான கட்டுரையில் விரிவாக முன்வைத்தார். போர் தனிமனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பது அதன் சாரம். ஒருவரையொருவர் நம்பாமை, வாய்திறவாமை, பிறரில் தங்கியிருக்கும் மனப்பாங்கு, தலைமை நலிவு, மேலோட்டமான குறுகியகால இலக்குகள் ஆகியவற்றை அவர் அந்தக் கூட்டுக் காயத்தின் அடையாளங்களாகச் சுட்டினார். தலைமையின் நலிவும் இலக்கின் குறுகலும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் மூத்தவர்கள், ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள் என்று முடிவெடுத்துப் பழகிய ஒரு தலைமுறையே இறந்தோ காணாமற்போயோ புலம்பெயர்ந்தோ போன இடத்தில், முடிவெடுக்கும் பழக்கமும் அவர்களுடன் போய்விட்டது. அதைத் திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது. ஏச்சு அதற்கு உதவாது.

வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி

நெளுக்குளத்தில் சாதாரணதரப் பெறுபேறு வந்த வாரம் ஒரு வீட்டில் நடப்பதைப் பார்ப்போம். தாய் விஞ்ஞானம் எடுக்கச் சொல்கிறார். ரியூசன் ஆசிரியர் கணிதம் என்கிறார். பிரான்சிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் கணினி படிக்கச் சொல்கிறார். நண்பர்கள் வர்த்தகத்துக்குப் போகிறார்கள். பிள்ளையிடம் யாரும் கேட்காத கேள்வி, எதை விடத் தயார் என்பது. எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்ற பயத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் முடிவெடுக்கின்றன.

பல்கலைக்கழகக் கதவு மிகவும் ஒடுங்கியது. 2001 முதல் அனுமதி, உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இஸட் புள்ளி அடிப்படையில் நடக்கிறது. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அந்தக் கடைசிப் பட்டியலில் உள்ளவை. இந்தச் சலுகை இருந்தும் உயர்தரத்தில் சித்தியடைந்தவர்களில் பெரும்பகுதியினர் அரச பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று பரீட்சை எழுதியே இருபத்திரண்டு வயதை எட்டிவிடுகிற பிள்ளைகள் ஊர்தோறும் உண்டு. அந்த வருடங்களில் அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முடிவெடுக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

மற்ற கதவுகள் இல்லாமல் இல்லை. தேசிய தொழில் தகைமை எனப்படும் என்.வி.கியூ. ஏழு மட்டங்கள் கொண்டது. அதன் மேல்மட்டம் பட்டத்துக்கு இணையானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் 2016இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் தொழிற்கல்வியைத் தோற்றவர்களின் இடமாகப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை. அதனால் அந்தக் கதவைத் தெரிவு செய்து திறப்பவர் குறைவு. வேறு வழியின்றித் தள்ளப்படுபவரே அதிகம். தெரிவாக எடுத்தால் திசையாகியிருக்கக்கூடிய ஒன்று, தள்ளப்பட்டுச் சேர்ந்தபடியால் ஆறுதல் பரிசாகிவிடுகிறது.

2022இன் பொருளாதார நெருக்கடி இன்னொரு கதவை அகலத் திறந்தது. அந்த ஒரே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். வவுனியாவிலுள்ள குடிவரவுத் திணைக்களக் கிளையின் முன் கடவுச்சீட்டுக்காக இரவிலேயே வரிசை தொடங்கியது. போனவர்களைக் குறை சொல்ல இடமில்லை. கடனும் பசியும் உள்ள வீட்டில் போவதும் பொறுப்பான முடிவுதான். கேட்க வேண்டியது ஒன்றே: என்ன வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு, யாருக்காக என்று பதில் உள்ள பயணமா, இங்கே முடிவெடுக்க முடியாததால் மேற்கொண்ட பயணமா? முதல் வகையினர் திரும்பி வந்தாலும் திசையுடன் வருகிறார்கள். இரண்டாம் வகையினர் இங்கே விட்டுப்போன குழப்பத்தை அங்கேயும் கொண்டுபோகிறார்கள்.

காந்தீயம்: இரண்டு வாழ்வுகள், ஓர் அமைப்பு

தனிவாழ்வின் திசையும் அமைப்பின் திசையும் ஒன்றாகச் சேர்ந்த மிகத் தெளிவான உதாரணம் வவுனியாவிலேயே இருக்கிறது. எஸ். ஏ. டேவிட் 1924இல் கரம்பனில் பிறந்தவர். கட்டடக் கலைஞர், அவுஸ்திரேலியாவில் கற்றவர், கென்யாவின் மொம்பாசாவில் பணியாற்றியவர். வசதியான ஓய்வுக்காலம் அவருக்குக் காத்திருந்தது. மருத்துவர் இராஜசுந்தரம் வவுனியாவில் மருத்துவம் பார்த்தவர். அவருக்கும் நல்ல வருமானமும் மதிப்பும் இருந்தன. 1970களின் நடுப்பகுதியில் இருவரும் சேர்ந்து வவுனியாவைத் தளமாகக் கொண்டு காந்தீயம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அக்காலத்தில் உதவி தேவைப்பட்ட மக்களுக்குக் குறைவில்லை. காந்தீயம் எல்லோருக்கும் எல்லாம் செய்ய முயலவில்லை. 1973, 74 ஆண்டுகளில் தோட்டப்புறங்களை வாட்டிய பட்டினியும், 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலும் மலையகத் தமிழரை வன்னிக்குத் துரத்தின. கையில் ஒன்றுமில்லாமல் வந்த அந்தக் குடும்பங்களைக் காணியில் குடியமர்த்துவது, அவர்களின் குழந்தைகளுக்கு முன்பள்ளி நடத்துவது, நடமாடும் வைத்திய சேவை கொடுப்பது என்று வேலையை வரையறுத்துக்கொண்டது. முன்பள்ளிக்கு வெளியிலிருந்து ஆசிரியரைத் தேடவில்லை. கிராமங்களிலிருந்தே இளம் பெண்களைத் தெரிந்து பயிற்சி கொடுத்து அவர்களின் ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் வகுத்த வேலை இதுதான். அமைப்பின் நோக்கம் ஒரு வாசகமாக நிற்காமல், காலையில் குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணின் அன்றாட வேலையாக மாறியது.

1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் மீது நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அந்த ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி நடந்த சிறையுடைப்பில் வெளியேறி, பல ஆண்டுகள் சென்னையில் வாழ்ந்தார். முதிர்ந்த வயதில் ஊர் திரும்பி 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

காந்தீயத்தின் அழிவைத் தலைமையின் பிழையாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். சிறையும் கொலையும் எந்த அமைப்பையும் குலைக்கும். ஆனாலும் தலைமையைப் பற்றி ஆராய்கிறவர் இரண்டு விடயங்களைக் கண்டுகொள்ள வேண்டும். அமைப்புக்குள் இருந்த இளைஞர் சிலர் ஆயுதப் பாதையின் பக்கம் சாய்ந்தார்கள். ஒரே பெயரின் கீழ் இரண்டு திசைகள் இயங்கத் தொடங்கின. காலம் அப்படி இருந்தது என்றாலும், உள்ளே இருக்கும் இரண்டாவது திசையைப் பேசித் தீர்க்காத அமைப்பு முழுவதுமே அதற்கு விலை கொடுக்க நேர்கிறது. இன்னொன்று, எது நிலைத்தது என்பது. தலைமையகம் போயிற்று, குடியேற்றப் பண்ணைகள் சில பறிபோயின. ஆனால் வன்னியில் வேரூன்றிய மலையகத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்த மாவட்டத்தில் வயல் செய்கிறார்கள், கற்பிக்கிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள். மனிதரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அமைப்பைவிட நீண்டகாலம் வாழ்ந்திருக்கிறது.

பயிர்ச்செய்கைக் கூட்டம் என்ற பள்ளிக்கூடம்

திசை தெளிவதற்கு வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் அந்தக் கண்ணோடு பார்க்காத ஒரு நிறுவனம் உண்டு. அது போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்குச் சட்டவலுவைக் கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்கார அமைப்புகளை அங்கீகரிக்கிறது. 80 ஹெக்டேயருக்குக் குறைவான நிலத்துக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரிய குளங்கள் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு.

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்திலோ கோவில் மடத்திலோ நடக்கும். முன்வரிசை மேசையில் அதிகாரிகள். முதலில் பேசப்படுவது கனவு அல்ல, குளத்தின் நீர்மட்டம்: இன்றைக்கு எத்தனை அடி. அதைக் கேட்டவுடனேயே அனுபவமுள்ள கமக்காரர் மனதுக்குள் ஏக்கர்க் கணக்குப் போட்டுவிடுவார். பிறகு எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சு. பிறகு நெல்லின் வயது: தண்ணீர் குறைவென்றால் பி.ஜி. 300 போன்ற மூன்று மாத இனம், போதுமென்றால் ஏ.ரி. 362 போன்ற மூன்றரை மாத இனம். பிறகு திகதிகள் வரிசையாக வரும். வாய்க்கால் துப்புரவு எப்போது, முதல் தண்ணீர் எப்போது, விதைப்பு முடிய வேண்டிய கடைசி நாள் எது, கால்நடைகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் நாள் எது, தண்ணீர் நிறுத்தும் நாள் எது. மீறினால் என்ன தண்டம் என்பதும் எழுதப்படும்.

சிறுபோகக் கூட்டத்தில்தான் உண்மையான சோதனை. காலபோகத்துக்கு மாரி மழை துணை நிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சியதுதான் கணக்கு. எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்களில் மட்டும் விதைத்து, தூரத்து வயல்காரருக்கும் அதில் பங்கு கொடுக்கும் முறையும் உண்டு. குரல் உயரும், சண்டை வரும், சிலர் எழுந்து வெளியே போவார்கள். ஆனால் முடிவு எட்டப்படும். முடிவு எட்டாமல் ஆளுக்காள் விதைத்தால் கதிர் வரும் நேரம் எல்லா வயலும் சேர்ந்து காயும் என்பது அந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு நல்ல தலைமையின் எல்லா அம்சங்களும் இருக்கின்றன. கையிலிருப்பதை அளந்து சொல்கிறார்கள். எந்த நிலத்தை விடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதை இழக்கிறவர் முன்னிலையிலேயே சொல்கிறார்கள். திகதி குறிக்கிறார்கள். மீறுபவருக்கு விளைவு வைக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து நட்சத்திர விடுதிகளில் நடத்தும் மூலோபாயத் திட்டமிடல் பட்டறைகளில் இந்த ஐந்தும் ஒன்றாகக் கூடுவது அரிது. எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் எழுதிய பொதுவளம் பற்றிய நூலில், நீரையும் காட்டையும் மீன்வளத்தையும் நீண்டகாலம் காப்பாற்றிய சமூகங்களை ஆராய்ந்து, விதிகளால் பாதிக்கப்படுவோரே அவ்விதிகளை ஆக்குவதில் பங்கெடுப்பதை வெற்றியின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கண்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் வகுத்த கோட்பாட்டை வன்னிக் கமக்காரர் போகத்துக்கு ஒருமுறை நடத்திக் காட்டுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2021இல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடை செய்தது. திசை மிகத் தெளிவாக அறிவிக்கப்பட்டது, உறுதிக்கும் குறைவில்லை. ஆனால் போதிய சேதனப் பசளை நாட்டில் உண்டா என்று அளக்கவில்லை, மாற்றத்துக்குக் காலம் கொடுக்கவில்லை, வயலில் இறங்குபவரைக் கேட்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. வலியறியாமல், காலமறியாமல், இடனறியாமல் எடுக்கப்பட்ட முடிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது திசை ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

கல்லோயாவில் இளைஞர்கள்

தனிவாழ்வும் அமைப்பும் எங்கே உரசிக்கொள்கின்றன என்பதைக் காட்டும் இலங்கை அனுபவம் ஒன்று கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆய்வு பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் கமக்காரரிடையே தங்கி, முதலில் சிறு குழுக்களாக வாய்க்கால் துப்புரவு செய்யவும், முறைவைத்துத் தண்ணீர் பங்கிடவும், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைசி வயலுக்கு அனுப்பவும் மக்களுடன் உழைத்தார்கள். குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த பருவத்திலேயே இது நடந்தது. மேல்வாய்க்காலிலிருந்த சிங்களக் கமக்காரர், கடைவாய்க்காலிலிருந்த தமிழ்க் கமக்காரருக்கும் தண்ணீர் போக வழிவிட்டதை, அத்திட்டத்தில் உழைத்த நோர்மன் அப்ஹொப் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் அமைப்பாளர்களின் வேலை நிரந்தரமற்றது. அரச ஆசிரியர் நியமனம் கிடைத்தவுடன் பலர் விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் தங்கையின் கலியாணமும் தகப்பனின் மருந்தும் இருந்திருக்கும். அமைப்பின் திசை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதில் உழைப்பவரின் சொந்த வாழ்வுக்கு அதில் இடமில்லை என்றால் அது நீடிக்காது. வன்னியில் முன்பள்ளி ஆசிரியர்கள், தொண்டர் ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் பலர் மிகக் குறைந்த கொடுப்பனவில் ஆண்டுகள் பல உழைப்பதை நாம் அறிவோம். அர்ப்பணிப்பைப் புகழ்ந்து சம்பளத்தைப் பேசாத தலைமை, தன் அமைப்பின் எதிர்காலத்தைத் தானே விற்றுவிடுகிறது.

கூட்டறிக்கைப் புத்தகத்தில் தெரிவது

2009க்குப் பிறகு வன்னியில் சங்கங்கள் பெருகின. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம் என்று ஒரே ஊரில் ஐந்தாறு. நிர்வாகத்தில் பெரும்பாலும் அதே பத்துப் பேர். தொண்டு நிறுவனம் கோழிக்குஞ்சு கொடுத்த வருடம் சங்கத்தின் நோக்கம் கோழி வளர்ப்பு. தையல் இயந்திரம் வந்த வருடம் தையல். திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது. திசையைக் கொடுத்தவர் நன்கொடையாளர். சங்கம் அதன்படி அசைந்தது.

இதே வெற்றிடத்தில்தான் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பெண்களைக் குழுவாக்கி, கிழமைத் தவணைக்கு உயர்வட்டியில் கொடுத்த கடன் பல குடும்பங்களை நெரித்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் கொடுப்பதாக 2018இல் அரசு அறிவிக்க வேண்டி வந்தது. குழு இருந்தது, கூட்டம் கிழமைதோறும் நடந்தது, ஒழுங்கும் கடுமையாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்களின் குழு வேறொருவரின் இலாபத்துக்காகக் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துடன் இலங்கையில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் மரபின் வழிவந்தவை அவை. அங்கே சேமிப்பும் அங்கத்தவருடையது, கடன் முடிவும் அங்கத்தவருடையது, இலாபமும் அங்கத்தவருக்கே. யார் முடிவெடுக்கிறார், யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதே ஒரு சங்கத்தின் உண்மையான திசையைச் சொல்லும்.

எந்தச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். இறைவணக்கம், மௌன வணக்கம், தலைமையுரை, சென்ற கூட்ட அறிக்கை, அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பிறகு பிற விடயங்கள். கூட்டத்தின் முக்கால்வாசி நேரம் அந்தப் பிற விடயங்களில் கரைகிறது. தீர்மானம் என்று எழுதப்பட்டவற்றில் யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள் என்ற இரண்டும் இருப்பது அரிது. சென்ற முறை தீர்மானித்தது நடந்ததா என்ற கேள்வி அதைவிட அரிது. அமைப்பு திசை இழப்பது பெரிய துரோகங்களால் அல்ல, இந்தச் சிறிய வெற்றிடங்களால்தான்.

தேறிய முடிவுகள்

மேலே பார்த்த எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் சில முடிவுகள் உறுதியாகின்றன.

திசை தேடுபவர் முதலில் அளக்க வேண்டும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்பதுபோல், கையிலிருக்கும் காலம், பணம், ஆள், உடல்நலம் ஆகியவற்றை மறைக்காமல் எண்ண வேண்டும். குடும்பத்துக்கும் இது பொருந்தும், பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்.

விடுவதைப் பெயர் சொல்லி விட வேண்டும். டேவிட் வசதியான ஓய்வை விட்டார். இராஜசுந்தரம் மருத்துவத் தொழில் தரக்கூடிய வசதியான வாழ்வை விட்டார். சிறுபோகத்தில் கமக்காரர் நிலத்தின் ஒரு பகுதியை விடுகிறார்கள். எதையும் விடாத முடிவு முடிவல்ல.

இழப்பவர் முன்னால் பேச வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்தைப் பிள்ளை இல்லாமல் தீர்மானிக்கக் கூடாது. கமக்காரருக்கான கொள்கையைக் கமக்காரர் இல்லாமல் எழுதக் கூடாது. உழைப்பவரின் வாழ்வுக்கு அமைப்பில் இடமிருக்க வேண்டும்.

நாளும் பொறுப்பாளரும் இல்லாத தீர்மானத்தை எழுதவே கூடாது. போகம் முடிந்ததும் களத்துமேட்டில் கணக்குப் பார்ப்பதுபோல, தீர்மானித்தவர்களே கூடி எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்க வேண்டும். வழி தவறினால் மாற்ற வேண்டும். ஆறு மாதம் பிடிவாதமாக நின்றபின் மாற்றுவதைவிட ஆறு கிழமையில் மாற்றுவது பெரும் தலைமை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, போர் உடைத்த நம்பிக்கையைப் பேச்சால் மீட்க முடியாது என்பது. சொன்ன நாளில் சொன்ன வேலையைச் செய்து காட்டும் சிறு முடிவுகளால்தான் அது மீளும். பத்து வருடத் தரிசனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அடுத்த மாதம் செய்வதாகச் சொன்ன ஒன்றை ஒரு சங்கம் செய்து முடிக்கட்டும். அது ஊருக்குக் கொடுக்கும் தெம்பு எந்தச் சொற்பொழிவாலும் கிடைக்காது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களுடன் முடிக்கிறேன். உயர்தரத்துக்குப் பிள்ளையை அனுப்பவிருக்கும் பெற்றோரே, எந்தத் துறை என்று கேட்பதற்கு முன் எதை விடத் தயார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். சங்கங்களின் தலைவர்களே, செயலாளர்களே, அடுத்த கூட்டத்தில் பிற விடயங்களுக்குப் போகுமுன் இந்த வருடம் நாம் செய்யாமல் விடப்போவது எது என்ற ஒரு தீர்மானத்தை, பொறுப்பாளர் பெயருடனும் திகதியுடனும் எழுதுங்கள். அதற்கு அடுத்த கூட்டத்தில் அதையே முதலில் வாசியுங்கள்.